கறிவேப்பிலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருக்கிறது, தாளிப்புக் கரண்டியில் நெய் காய்ந்துவிட்டது, "ஓடிப்போய் ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை ஒடிச்சிட்டு வா" என்கிறாள் அம்மா. மாடிக்கு ஓடினேன். ஒடிக்கக் காம்புதான் இருந்தது, இலையைக் காணோம்.

அந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருப்பது மாடி வீடு, மண் என்று பார்த்தால் மொட்டை மாடியில் இருக்கும் பெயிண்ட் வாளிகளில்தான். மற்ற செடிகள் வரும், போகும். கறிவேப்பிலை மட்டும் முதல் வருடம் முழுக்க நாலு இலையோடு முறைத்துக்கொண்டே நின்றது. அப்புறம் கீழ் வீட்டு அக்கா சொல்லி, நுனியைக் கிள்ளிவிட்டு, புளித்த மோரில் தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊற்ற ஆரம்பித்தேன். மோர்தான் காரணமா, வேர் பிடிக்க எடுத்துக்கொண்ட நாள்தான் காரணமா தெரியாது, மூன்றாம் வருடம் இடுப்பு உயரத்துக்குக் கிளை விட்டு நின்றது. காய்கறிக்காரர் கொசுறாகப் போட்ட கறிவேப்பிலைக்குக் காசு கேட்கிற காலத்தில் இது சின்ன சொத்து இல்லை, உறவுக்காரர்கள் வந்தால் காபிக்கு முன்னாலேயே மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

அந்தச் செடிதான் மொட்டையாக நின்றது. மிச்சம் இருந்த சில இலைகளின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கா எச்சம். பின்னாலேயே கரண்டியோடு வந்த அம்மா, "காக்கா உட்கார்ந்து உட்கார்ந்தே செடியை நாசம் பண்ணிடுச்சு பாரு" என்றாள். குச்சி எடுத்து எச்சத்தைத் தள்ளிவிடப் போனேன். எச்சம் நகர்ந்தது.

குனிந்து பார்த்தால் புழு. சுண்டுவிரல் நகம் நீளம்கூட இல்லை, பழுப்பு உடம்பில் நடுவே வெள்ளைப் பட்டை, மேலே ஈரம் காயாத மாதிரி ஒரு பளபளப்பு. பறவை எச்சம் என்று நினைத்துப் பறவையே விட்டுவிட்டுப் போகும்படி வேஷம். பக்கத்து இலையில் அதன் அண்ணன், பச்சைப் புழு, விரல் தடிமன், தோளில் கண் போல ஒரு வரைவு, விலாவில் சாய்ந்த பட்டை. முதலில் இரண்டும் வேறு வேறு ஜாதி என்றுதான் நினைத்தேன். நாலு தடவை தோல் உரித்த பிறகு எச்ச வேஷத்தைக் கலைத்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிவிடுகிறது, அவ்வளவுதான். பெரியதைக் குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து நத்தைக் கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்த சிவப்புக் கொம்பு ஒன்று வெளியே வந்தது, கூடவே புளித்த எலுமிச்சைத் தோல் போல ஒரு நெடி. நான் இரண்டடி பின்னால் போனேன், அம்மா நாலடி.

மொத்தம் பதினொன்று. ரசத்தில் அன்றைக்குக் கொத்தமல்லி மட்டும்.

வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்துவிடு என்பது அம்மாவின் தீர்ப்பு. கீழ் வீட்டு அக்கா, "பொறுக்கிக் காகிதத்துல போட்டுத் தூர வீசுங்க தம்பி" என்றார். நியாயம்தான். ஆனால் அதற்குள் நான் போனை நோண்டி, அது கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு என்று கண்டுபிடித்துவிட்டேன். எலுமிச்சை, நாரத்தை எல்லாம் இருக்கும் குடும்பத்தில்தான் கறிவேப்பிலையும் சேர்த்தி, அதனால் இந்த வகைப் பட்டாம்பூச்சிகள் வீடு தேடி வருகின்றன. பெயர் தெரிந்துவிட்ட ஒன்றை எப்படி வேப்பெண்ணெய் அடித்துக் கொல்வது? செடிதான் போகட்டும், வேரும் தண்டும் இருக்கிறது, துளிர்க்கும் என்று விட்டுவிட்டேன்.

விட்ட பிறகுதான் தலைவலி. பதினொரு புழுவும் இரண்டே நாளில் மிச்ச இலையையும் முடித்துவிட்டன. தின்னும்போது பக்கத்தில் காதை வைத்தால், மாடியில் வேறு சத்தம் இல்லையென்றால், நறுக் நறுக் என்று கேட்கிறது. கீழே தரையில் மிளகு சிந்தியது போல அவற்றின் புழுக்கை. சாப்பாட்டுக்கு என்ன செய்வதென்று கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கி வந்து, அலசி, தண்ணீர்ப் புட்டியில் சொருகி வைத்தேன். மறுநாள் காலையில் அதில் இருந்த இரண்டு புழுக்கள் சுருண்டு கிடந்தன. மருந்து அடித்த இலை. நாங்கள் அதையேதான் இத்தனை வருடமாகச் சட்னியில் அரைத்துத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று அம்மா நினைத்தாளோ என்னவோ, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பின் தெருவுக்குப் போய், கொல்லையில் கறிவேப்பிலை மரம் வைத்திருக்கும் வீட்டில் கேட்டு, முந்தானை நிறைய ஒடித்து வந்தாள். வேப்பெண்ணெய்ப் பேச்சு அத்தோடு நின்றது.

ஒன்றைச் சின்னான் குருவி கொத்திக்கொண்டு போனது. எட்டு மிச்சம். வயிறு நிறைந்ததும் இவை செடியைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பிக்கின்றன, அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால் செடியில் ஒன்றுமில்லை. இரண்டைக் கடைசிவரை கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒன்று துணிக்கொடிக் கம்பத்தில், ஒன்று பூந்துடைப்பத்தின் கைப்பிடியில் (அந்தத் துடைப்பத்துக்குப் பத்து நாள் விடுமுறை), இரண்டு வாளி விளிம்புக்கு அடியில், இரண்டு மட்டும் ஒழுங்காகச் செடியிலேயே. மின்கம்பத்தில் ஏறும் லைன்மேன் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அதே மாதிரி வாலை ஒட்டிக்கொண்டு, முதுகைச் சுற்றி ஒரே ஒரு நூல் கட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது கூட்டுப்புழு. செடியில் இருந்தவை பச்சை, துடைப்பக் கைப்பிடியில் இருந்தது பழுப்பு. ஒட்டும் இடத்தைப் பொறுத்து நிறம் வருகிறது.

அப்புறம் தினமும் பல் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று. முதலில் திறந்தது வாளிக்கு அடியில் இருந்த ஒன்று. ஓரத்தில் ஊசியால் குத்தியது போல ஓட்டை, அதிலிருந்து கடுகைவிடச் சின்னதாகக் குளவிகள், ஒன்றன் பின் ஒன்றாக, எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். புழு தோல் உரித்துக் கூடாக மாறும் நேரம் வரை காத்திருந்து, ஓடு இறுகுவதற்குள் குளவி அதற்குள் முட்டை வைத்துவிடுமாம். நான் பத்து நாள் காவல் காத்தது பட்டாம்பூச்சிக்கு இல்லை, உள்ளே அதைத் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு. அன்றைக்கு ஆபீஸில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிரிக்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழு மணி வாக்கில், செடியில் இருந்த பச்சைக் கூடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே கறுப்பு தெரிந்தது. "அம்மா" என்று கத்தினேன். அவள் வருவதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது. பிழிந்து போட்ட துணி மாதிரி நனைந்து சுருங்கிய இறக்கை, பெரிய வயிறு. காலால் கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வயிற்றில் இருக்கும் நீரை இறக்கை நரம்புகளுக்குள் ஏற்ற ஏற்ற, இறக்கை கீழ்நோக்கி விரிந்தது. கறுப்பு இறக்கை, பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளால் ஒரு கோடு. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் மாடியிலேயே நின்றோம். இட்லி ஆறிப்போனது, எனக்கு ஆபீஸில் அரை நாள் விடுப்பு போனது.

துடைப்பத்தில் இருந்தது மறுநாள் வந்தபோதுதான் குழப்பம். அது வேறு பட்டாம்பூச்சி. பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் சிவப்பு. ஒரே செடி, ஒரே புழு, இது எங்கிருந்து வந்தது? படித்துப் பார்த்தால், அது பெண். ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி, ஆடுகூட வாய் வைக்காத விஷம். அதைத் தின்று வளரும் ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியின் உடம்பிலும் அந்த விஷம் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. விஷம் துளியும் இல்லாத நம்ம கறிவேப்பிலைக்காரி அந்தச் சேலையை அப்படியே கட்டிக்கொண்டு திரிகிறாள். உடம்பைப் பார்த்தால் பிடித்துவிடலாம், ரோஜா அழகிக்கு உடம்பும் சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. எல்லாப் பெண்ணும் இந்த வேஷம் போடுவதில்லை, சில பெண்கள் ஆண் மாதிரியே கறுப்பு வெள்ளையோடு இருந்துவிடுகின்றன. இவை எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள்தான் என்று ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1865-லேயே எழுதியிருக்கிறார். சின்ன வயதில் எச்ச வேஷம், அப்புறம் இலை வேஷம், கல்யாண வயதில் இன்னொருத்தி வேஷம்.

மொத்தம் ஐந்து பறந்தன, அதில் சிவப்புச் சேலை இரண்டு. எங்கள் ஊரிலேயே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலூரில், 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 25 ஏக்கரில் இருக்கிறது. டிக்கெட் எடுத்து மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இந்தக் கூத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

போகிற போக்கில் கிடைத்த இன்னொரு விஷயம். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் பின்பாதி கோனிகி. அந்தக் கோனிக், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்தவர், 1768-ல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து இந்தப் பக்கத்துச் செடி கொடிகளைச் சேகரித்துத் திரிந்தவர். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவர் வர்றதுக்கு முன்னாடியே நாம ரசம் வச்சிட்டுதானே இருந்தோம்" என்றாள்.

மொட்டைச் செடி தை மாதத்திலேயே துளிர்த்துவிட்டது, முன்னைவிட அடர்த்தியாக. நர்சரியில் இன்னொரு கன்று வாங்கி, இன்னொரு பெயிண்ட் வாளியில் வைத்தோம். பழையது ரசத்துக்கு, புதியது அவர்களுக்கு என்று ஏற்பாடு. போன வாரம் ஒரு சிவப்புச் சேலை வந்து, காலால் இலை இலையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு, இரண்டு செடியையும் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அது போன பிறகு போய்ப் பார்த்தேன். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரியதாக, வெளிர் மஞ்சளில் மூன்று முட்டைகள், மூன்றும் ரசச் செடியின் கொழுந்தில்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். மூன்று கொழுந்தையும் கிள்ளி, புதுச் செடியின் கிளையில் துணி கிளிப்பால் மாட்டிவிட்டு, பழைய செடியில் ரெண்டு இணுக்கு ஒடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.