கூரைமேல் பனி: எப்போது தள்ளுவது?

அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கூரையில் ஓரடிப் பனி விழுந்ததுமே ஏணியைத் தேடி ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். இது வெறும் பஞ்சு, பேசாமல் உள்ளே போ என்றார். பிப்ரவரியில் அதே ஓரடி கெட்டித்துக் கிடந்தபோது அதன்மேல் மழை பெய்தது. மழைதானே, கரைத்துவிடும் என்று நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவரே வந்து கதவைத் தட்டினார்.

உயரத்தைப் பார்க்காதே, எடையைப் பார் என்பது அவர் கட்சி. புதுப்பனி 10, 12 அங்குலம் சேர்ந்தால்தான் சதுர அடிக்கு 5 பவுண்டு. அமுங்கிய பழைய பனி என்றால் 3 முதல் 5 அங்குலமே அந்த எடைக்கு வந்துவிடும். பனிக்கட்டிக்கு ஓர் அங்குலம் போதும். சாதாரண வீட்டுக் கூரை சதுர அடிக்கு 20 பவுண்டாவது தாங்கும் என்பது பொதுக் கணக்கு. பனி ஊர்களில் கூடுதலாகவே கட்டுகிறார்கள். 20 பவுண்டு சின்னதாகத் தெரியலாம். 1,500 சதுர அடிக் கூரைக்குப் பெருக்கிப் பாருங்கள், 13 டன்னைத் தாண்டும். மழை பெய்தால் பனி அந்தத் தண்ணீரையும் குடித்து வைத்துக்கொள்ளும், நனைந்த வைக்கோல்போர் மாதிரி.

2014 நவம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. ஈரி ஏரியின் வெதுவெதுப்பான நீர்மேல் குளிர்காற்று வந்து, நகரின் தெற்கிலும் கிழக்கிலும் 5 அடிக்கு மேல் கொட்டியது. பல கூரைகள் இடிந்தன. அப்புறம் வெப்பம் ஏறும், மழையும் வரும் என்றதும் பனியைத் தள்ள ஊரே பதறியதாம்.

அன்று கதவைத் தட்டிய பெரியவர் உள்ளே வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை, நடுவீட்டு அறைக்கதவைச் சாத்திப் பார்த்தார். உரசியது. இரண்டு நாளாகவே உரசிக்கொண்டிருந்தது, எனக்கும் தெரியும். ஐப்பசி மழையில் எங்கள் ஓட்டு வீட்டுக் கதவு ஊதிப்போகுமே, அப்படித்தான் என்று விட்டிருந்தேன். ஆனால் இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். மரம் சுருங்கும், ஊதாது. அப்படியிருந்தும் கதவு பிடிக்கிறது என்றால் மேலே இருந்து எதுவோ நிலையை அழுத்துகிறது. சுவரில் புது விரிசல், கூரைக்குள் படபடவென்று முறியும் சத்தம் இவையெல்லாம் அதே கதைதான். இந்த நிலைமையில் தள்ளுவது நம் வேலையே இல்லை, வெளியேறவேண்டும் என்றார். அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஆட்கள் வந்து தள்ளிக் கொடுத்தார்கள். கூலியைக் கேட்காதீர்கள்.

மறுவாரமே ரூஃப் ரேக் வாங்கினேன், கூரைப் பனியை இழுத்துத் தள்ள நீளக் கம்பு வைத்த வாரி. தரையில் நின்றுதான் இழுக்கவேண்டும், மின்கம்பி பக்கம் போகக்கூடாது, கம்பு அலுமினியம். ஓட்டுத் தகடு பெயராமல் இருக்க இரண்டு அங்குலம் விட்டுவிடலாம். ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையடித்தால் பாரம் ஒருச்சாய்ந்துவிடும். இழுத்த பனி ஹீட்டரின் புகைக்குழாயை மூடினால் விஷவாயு உள்ளே திரும்பும். எங்கள் வீட்டில் மாடிச் சுவரை ஒட்டிய கராஜ் கூரைதான் வில்லன். காற்று அடித்துவரும் பனியெல்லாம் அங்கேதான் குவியும்.

நேற்று ஒன்றரை அடி விழுந்திருக்கிறது, பஞ்சுதான். அறைக்கதவை உரசாமல் சாத்த முடிகிறது. வியாழக்கிழமை மழை என்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ரேக்கை வெளியே எடுக்கவேண்டும்.