மாமூல் தடம் என்று எழுதினால் போதாது

வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், நிலத்தைப் பற்றிய பாதி விஷயம் எந்தத் தாளிலும் இருக்காது. கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை முறை, பொழியோரத்து, அதாவது எல்லையோரத்து வெள்வேல மரம் யாருடையது, மழைத்தண்ணி யார் காட்டு வழியாக வடியவேண்டும் என்பதெல்லாம் பெரியவர்கள் மனதிலேயே இருக்கும் கணக்கு. பல தலைமுறையாக அந்தக் கணக்கில்தான் பண்ணையம் நடந்திருக்கிறது.

இட்டேரியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற தடம். சில இட்டேரிகள் கிராமக் கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும், அவற்றுக்குப் பயமில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களும் தங்கள் பட்டா நிலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உண்டானவைதான் இப்போது ஒவ்வொன்றாக மறைகின்றன. சர்வே வரைபடமான புலப்படத்தில் அவற்றுக்கு ஒரு கோடுகூட இருக்காது.

எங்கள் தோட்டத்துக்குப் போகிற தடம் அந்த வகை. பெரியப்பா தன் பங்கை விற்றதும், வாங்கியவர் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினார்; எதிலும் தடம் இல்லை. எங்கள் 1974 பாகப்பத்திரத்தில் இருப்பது ஒரே ஒரு வரி: 'மாமூல் வழித்தட பாத்தியம் சகிதம்.' வழக்கமாகப் போய்வரும் தடத்தின் உரிமையோடு என்று அர்த்தம். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், ஒன்றும் கிடையாது. எழுதிய காலத்தில் அதைப் படிக்கப்போகிற எல்லோருக்கும் தடம் தெரியும், அதனால் யாரும் குறிக்கவில்லை.

சட்டம் நம்மைக் கைவிடவில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்த தடத்துக்குப் பாத்தியம் உண்டு. அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். ஆனால் அதை நிரூபிக்கவேண்டியது நாம்தான். சிவில் கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருடம் இழுக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலில் ஊரில் பேசிப் பார்ப்போம் என்றார் சித்தப்பா.

பிள்ளையார் கோயில் முன்னால் உட்கார்ந்தார்கள். பங்காளிகள், மாமன் மச்சான்கள், பழைய பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஒரே சாதி. தடம் எட்டடியா பதினாறடியா என்று பேச்சு ஓடியது. அங்கே இருந்த ஒருவர்கூட அந்தத் தடத்தில் பாரவண்டி ஓட்டியவர் இல்லை. ஓட்டியவர் எங்கள் பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் பெரியவர். அவரைக் கூப்பிடவேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சித்தப்பாவே ஆள் அனுப்பினார்.

அவர் பேசவே இல்லை, நடந்து காட்டினார். வேப்பமரத்து வளைவில் நின்று, "ரெண்டு பாரவண்டி எதிர்ல வந்தா ஒண்ணு ஒதுங்கறதுக்கு எடம் உட்டிருந்தாங்க அம்மிணி, பொழிக்கல்லு இங்கதான் இருக்கோணும்" என்றார். மண்வெட்டி போட்டதும் கல் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அகலத்தைப் பற்றி யாரும் வாதாடவில்லை. அந்த நிலத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்தவரை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த நிலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயமாகும்? இந்த வழக்கத்தை மாற்றாமல் ஊர்க்கட்டு உயர்ந்தது என்று பேச எனக்கு மனம் வரவில்லை.

வளைவு உட்பட தென்வடலாக 14 அடி அகலம் என்று முடிவானது. மேற்கு மூலையில் கோணலாக இருந்த எங்கள் துண்டை, வாங்கியவர் வேலி நேராகும்படி விட்டுக்கொடுத்தோம். அவரும் மனதார ஒத்துக்கொண்டார். "பேசியாச்சுல்ல, அப்புறம் என்னத்துக்குப் பத்திரம்?" என்றார்கள். நான் விடவில்லை. குடும்பத்துக்குள் வாய்மொழியாகச் செய்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நாளைக்கு இதே நிலத்தை வாங்க வருகிறவர் நம் குடும்பம் இல்லையே. சர்வே நம்பர், நீளம், அகலம், வரைபடம் எல்லாம் வைத்து எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். இனி வில்லங்கம் போட்டுப் பார்க்கிற எவருக்கும் அது தெரியும்.

அடுத்தது கிணறு. கரண்ட் சர்வீஸ் இன்னும் அப்பாரு, அதாவது தாத்தா பெயரில் இருக்கிறது. பங்குக்காரர்களில் பாதிப்பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும். முறைக்கணக்கு முழுவதும் தெரிந்த ஒரே ஆள் எங்கள் அத்தை. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் ராத்திரி முறைக்குத் தண்ணி கட்டியவர். 1974 பாகத்தில் அவருக்குக் கிடைத்தது சீர் மட்டும், நிலம் இல்லை. மகளுக்கும் சமபங்கு என்று 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் சட்டம் வந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகத்தை அது தொடாது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். அத்தையை நடுவில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதப்போகிறேன். அந்தக் கிணற்றில் அவருக்கும் ஒரு பங்கு எழுதவேண்டும் என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் கேட்பேன். சித்தப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.