பாட ஆலோசகர் வேலை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உயிரியல் துறையில் இளநிலை மாணவர்களுக்குப் பாட ஆலோசகராக இருக்கிறேன் என்றால், ஊரில் பலரும் நான் வகுப்பெடுப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். பட்டத்துக்கு வழக்கமாகத் தேவைப்படும் 120 கிரெடிட்டுகளை, அதாவது பாடப் புள்ளிகளை, எந்த வரிசையில் முடிப்பது என்று மாணவரோடு உட்கார்ந்து திட்டமிடுவதுதான் என் வேலை.

அந்த வரிசை பிசகினால் எல்லாமே பிசகும். பொது வேதியியல் இரண்டு பருவம், பின்பு கரிம வேதியியல் இரண்டு பருவம், அதற்குப் பிறகே உயிர்வேதியியல் என்றிருக்கும்போது, தொடக்கத்தில் ஒன்றைத் தவறவிட்டால் சில சமயம் ஓராண்டே தள்ளிப்போய்விடும். 2015இல் மாற்றியமைக்கப்பட்ட எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் உயிர்வேதியியலுக்குக் கணிசமான இடம் இருப்பதால், மருத்துவப் படிப்புக்கு முயல்பவர்களுக்கு இது பெரும் நெருக்கடி.

கரிம வேதியியல் இடைத்தேர்வில் சறுக்கிய மாணவி, திரையில் தெரியும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருப்பாள். கெடு முடிவதற்குள் பாடத்தை விட்டுவிட்டால் மதிப்பெண் பட்டியலில் விலகலைக் குறிக்கும் 'டபிள்யூ' மட்டுமே விழும், அது சராசரியில் சேராது என்று விளக்கினாலும், அவளுடைய முதல் கேள்வி வேறாகவே இருக்கும்: "அப்பாவுக்குத் தெரியுமா, சார்?"

நாங்களாகச் சொல்லமாட்டோம். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற கல்விப் பதிவேடுகளின் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருடையது. அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் பொதுவாக நாங்கள் எதையும் பேசுவதில்லை. "ஃபீஸ் கட்டுவது நான்தானே, தம்பி" என்று தொலைபேசியில் தமிழிலேயே கேட்கும் தந்தையிடம் இதைச் சொல்வது, சட்டம் சரியென்று நான் நம்பினாலும், எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது.