சின்ன மைக்குக்கு 9 வோல்ட்: ஒரு பதிவு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

22ஆம் தேதி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அனுமதி கிடைத்துவிட்டது. குழுவும் சரி, அரங்கத்தாரும் சரி, எழுத்திலேயே தந்துவிட்டார்கள். டிரம்ஸ், பேஸ் கிதார், இரண்டு கிதார், ஒரு பாடகி. சின்ன அரங்கம், ஆனால் சத்தம் பெரிதாக இருக்கும்.

எடுத்துப்போகப் போவது சட்டைப் பட்டன் அளவுள்ள இரண்டு எலெக்ட்ரெட் மைக்குகளும் உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டரும்தான். இதே ஜோடியில் முன்பு எடுத்த ஒரு பதிவை இன்று நிதானமாகக் கேட்டேன். மெல்லிய இடங்கள் அருமை. டிரம்ஸ் அடி விழும்போது மட்டும் சத்தம் கிழிகிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்பக்கம் கூர்முனையாக இருக்கிறது, கீழ்ப்பக்கம் சீவிவிட்டதுபோல் தட்டை. மீட்டரோ முழு அளவுக்கு 14 டெசிபல் கீழேயே நிற்கிறது. ரெக்கார்டரில் இடம் மிச்சமிருக்கும்போதே அலை வெட்டுப்பட்டிருக்கிறது என்றால், வெட்டு அதற்கு முன்னாலேயே விழுந்திருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்துவிடலாம் என்று, மைக்கைக் கழற்றிவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து அதே அளவு மின்னழுத்தத்தை ஒரு கெபாசிட்டர் வழியாக ரெக்கார்டரின் மைக் ஜாக்கில் நேரடியாகக் கொடுத்தேன். அலை முழுசாக வந்தது. ஆக ரெக்கார்டர்மேல் குற்றமில்லை. மைக்கைத்தான் பார்க்க வேண்டும்.

நண்பர் ஒருவர் போனில், "32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிடுங்க, அதுல க்ளிப்பிங்கே கிடையாது" என்றார். க்ளிப்பிங் என்பது இந்த அலை வெட்டுதான், 32-பிட் ஃப்ளோட் என்பது மிகப் பெரிய அளவையும் வெட்டாமல் பதியும் முறை. ரெக்கார்டருக்குள் அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மைக்குக்குள்ளேயே வெட்டுப்பட்ட அலையை எத்தனை பிட் போட்டாலும் ஒட்டவைக்க முடியாது. 32-பிட் கருவியோடு இரண்டு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எலெக்ட்ரெட் மைக்குக்கு எதற்கு மின்சாரம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. சாதாரண கண்டென்சர் மைக்கில் சவ்வுக்கு வெளியிலிருந்து மின்னூட்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மின்னூட்டத்தைத் தனக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும் மெல்லிய படலத்தைக் கொண்டு மைக் செய்தார்கள். அதனால் சவ்வுக்கு பேட்டரி வேண்டியதில்லை. வேண்டியது அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஃபெட் டிரான்சிஸ்டருக்கு. சவ்வின் கெபாசிட்டன்ஸ் சில பிகோ ஃபாரட் மட்டுமே. அதை அப்படியே கேபிளில் இணைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அந்த நொய்ந்த சிக்னலைக் கேபிள் தாங்கும்படி மாற்றித் தருவது ஃபெட்தான். அதற்குக் கொடுக்கும் வோல்டேஜ் போதவில்லை என்றால் பலத்த சத்தத்தில் அதுதான் முதலில் திணறும்.

மார்ச் 8, சனி

மல்டிமீட்டரோடு ஒரு காலைப்பொழுது.

பிளக்-இன் பவர், அதாவது மைக்குக்காக ரெக்கார்டரே மைக் ஜாக்கில் தரும் சிறு மின்சாரம், மைக் இல்லாமல் அளந்தால் 2.5 வோல்ட். மைக்கை மாட்டியதும் காப்ஸ்யூலின் (சவ்வும் ஃபெட்டும் அடங்கிய சின்ன உருளை) இரு முனைக்கு நடுவே 1 வோல்ட்தான் மிஞ்சுகிறது. காப்ஸ்யூல் இழுப்பது 0.3 மில்லி ஆம்பியர். காணாமல்போன 1.5 வோல்ட்டை ரெக்கார்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் எடுத்துக்கொள்கிறது. கணக்குப்படி அது 5 கிலோ ஓம்.

இந்த 1 வோல்ட்தான் வில்லங்கம். சத்தம் வரும்போது காப்ஸ்யூல் முனையின் வோல்டேஜ் இந்தப் புள்ளியிலிருந்து மேலும் கீழும் ஆடும். ஃபெட் ஒழுங்காக வேலை செய்யக் கிட்டத்தட்ட அரை வோல்ட் தனக்கென்று வேண்டும். ஆகக் கீழே ஆட மிச்சம் அரை வோல்ட். கூரை தாழ்ந்த அறையில் குதிப்பவனுக்குத் தலை இடிப்பதைப்போல, இங்கே இடி கீழ்ப்பக்கம். திங்கட்கிழமை பார்த்த ஒருபக்கத் தட்டை இதுதான்.

எத்தனை டெசிபலில் இடிக்கும்? என் காப்ஸ்யூல், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு, 94 டெசிபல் சத்தத்துக்கு (அதாவது 1 பாஸ்கல் அழுத்தம்) 18 மில்லிவோல்ட் தருவது. ரெசிஸ்டர் 5 கிலோ ஓம் ஆனால் வெளியீடும் அதே விகிதத்தில் ஏறி 40 மில்லிவோல்ட் ஆகிறது. உச்சத்தில் அரை வோல்ட் என்றால் சராசரிக் கணக்கில் சுமார் 350 மில்லிவோல்ட். 94க்கு மேலே 19 டெசிபல், ஆக 113. ஒலிபெருக்கி வைத்த நிகழ்ச்சியில் டிரம்ஸ் அடியின் நுனி இதைச் சாதாரணமாகத் தாண்டும்.

பிளக்-இன் பவர் கெட்டது என்று சொல்லவரவில்லை. பேச்சு, பறவைச் சத்தம், தனி வயலின், இதற்கெல்லாம் தாராளம். ஆனால் எல்லா ரெக்கார்டரிலும் அது ஒரே வோல்டேஜாக இருப்பதில்லை, உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் கருவிக்குக் கருவி மாறும். அதனால் அளக்காமல் நம்ப வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

மைக்குக்குக் கூடுதல் வோல்டேஜ் கொடுக்க ஒரு பேட்டரி பாக்ஸ் செய்தேன். 9 வோல்ட் பேட்டரி, பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர், பக்கத்துக்கு ஒரு கெபாசிட்டர், ஒரு சுவிட்ச், இரண்டு 3.5 மில்லிமீட்டர் ஜாக். இவ்வளவுதான். ஜாக்கில் நுனி இடது, வளையம் வலது, அடி தரை.

ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது. 2.2 கிலோ ஓம் போட்டால் 0.66 வோல்ட் அதில் போய், காப்ஸ்யூலுக்கு 8.3 வோல்ட் கிடைக்கும். என் காப்ஸ்யூலின் உச்சவரம்பு 10 வோல்ட் என்பதால் பத்திரம். கீழ்ப்பக்கம் இப்போது ஏழு வோல்ட்டுக்கு மேல் வெட்டவெளி. மேல்பக்கம்? அங்கே எல்லை ஃபெட்டில் ஓடும் மின்னோட்டமே. அது பூச்சியம் ஆகும்வரைதான் வோல்டேஜ் ஏற முடியும், அதாவது அதே 0.66 வோல்ட். கணக்குப் போட்டால் 122 டெசிபல். முன்பைவிட 9 டெசிபல் கூடுதல்.

அப்படியானால் 4.7 கிலோ ஓம் போட்டு மேல்பக்க இடத்தை இரட்டிப்பாக்கலாமே என்று தோன்றும். நடக்காது. ரெசிஸ்டரைக் கூட்டினால் சிக்னலும் அதே அளவு கூடிவிடும், எல்லை அதே 122இல் நிற்கும். ரெசிஸ்டர் தீர்மானிப்பது வெளியீட்டின் அளவை. சத்தத்தின் உச்ச எல்லையை அது மாற்றுவதில்லை. மெல்லிய நிகழ்ச்சிக்கு 10 கிலோ ஓம் வரை போகலாம், சத்தமான நிகழ்ச்சிக்கு 2.2 போதும்.

கெபாசிட்டர் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து இசையை மட்டும் ரெக்கார்டருக்கு விடுகிறது. ரெக்கார்டரின் உள்ளீட்டுத் தடையோடு சேர்ந்து அதுவே ஒரு வடிகட்டியும் ஆகிவிடும். லைன்-இன் (பலத்த சிக்னலுக்கான உள்ளீட்டு ஜாக்) 10 கிலோ ஓம் என்றால், 1 மைக்ரோ ஃபாரட் போட்டால் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தேய ஆரம்பிக்கும். 0.1 போட்டால் 159 ஹெர்ட்ஸிலேயே தேய்ந்துவிடும். பேஸ் கிதாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அது போய்விட்டால் நிகழ்ச்சியின் பாதி உயிர் போச்சு. 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டிருக்கிறேன். எலெக்ட்ரோலைட்டிக் போடுபவர்கள் கூட்டல் முனையை மைக் பக்கம் வைக்க வேண்டும். வெளியீட்டிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் ஒன்றும் சேர்த்தேன், ஜாக்கைச் செருகும்போது வரும் 'டப்' சத்தம் அடங்குகிறது.

விளக்கு வைக்கவில்லை. இரண்டு மைக்கும் சேர்ந்து இழுப்பதே 0.6 மில்லி ஆம்பியர். ஒரு எல்இடி 2 மில்லி ஆம்பியர் குடித்தால் பேட்டரியின் பெரும்பங்கு விளக்குக்கே போய்விடும்.

மார்ச் 13, வியாழன்

பேட்டரி பற்றிக் கொஞ்சம். 9 வோல்ட் ஆல்கலைன் சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி தாங்கும். என் பாக்ஸ் இழுக்கும் வேகத்தில் 800 மணி நேரம் என்று கணக்கு வருகிறது. அவ்வளவு நம்ப மாட்டேன், ஆனால் ஒரு பேட்டரி எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு வரும். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரியில் 7.2 அல்லது 8.4 வோல்ட்தான் இருக்கும், அதுவும் பரவாயில்லை. யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லித்தியம் 9 வோல்ட்டை மட்டும் இந்த வேலைக்குத் தொடவே மாட்டேன். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் செல், அதை 9 ஆக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட்டும் கூடவே இருக்கிறது. அதன் இரைச்சல் நேராக மைக் வரியில் ஏறும். மெல்லிய பாட்டில் பின்னால் ஒரு சீற்றம் கேட்டுக்கொண்டே இருக்கும். பவர் பேங்கிலிருந்து எடுப்பதற்கும் இதே ஆட்சேபணை.

பாக்ஸ் உலோகத்தில் இருந்தால் நல்லது, தரையோடு இணைத்துவிட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசி ஜிஎஸ்எம்மில் பேசினால் 217 ஹெர்ட்ஸில் ஒரு 'டர்ர்ர்' ஏறும். காப்ஸ்யூலின் முனைகளுக்கு நடுவே, முடிந்தவரை நெருக்கமாக, 33 பிகோ ஃபாரட் பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒத்திகை. பாக்ஸை லைன்-இன்னில் செருகினேன். 110 டெசிபலில் இந்த மைக் சுமார் 110 மில்லிவோல்ட் தருகிறது, லைன்-இன்னுக்கு அது போதும். மைக்-இன்னில் செருகினால் இவ்வளவு பெரிய சிக்னலில் ரெக்கார்டரின் முதல் ஆம்ப்ளிஃபயர் திணறலாம். மைக்-இன்னில்தான் செருகியாக வேண்டும் என்றால் மெனுவில் பிளக்-இன் பவரை அணைத்துவிட வேண்டும், இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வருவதில் ஒரு பயனும் இல்லை.

மிக்சர் பக்கம் இருந்த இளைஞர் வந்து பார்த்தார். "சார், ஃபாண்டம் போட்டுவிடட்டுமா? சேனல் காலியா இருக்கு."

"வேண்டாம் தம்பி, இது 10 வோல்ட்டுக்கு மேல தாங்காது."

அவர் அன்பாகத்தான் கேட்டார். ஃபாண்டம் பவர் என்பது மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் 48 வோல்ட், ஒவ்வொரு கம்பிக்கும் 6.8 கிலோ ஓம் வழியாக வருவது. 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் என்ற ஜெர்மன் மைக் நிறுவனம் இதைச் செய்தபோது, அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததால் அந்த எண் வந்தது. ஸ்டுடியோ மைக்குக்கு அது உயிர், இந்தப் பட்டன் மைக்குக்கு எமன். நடுவே ஜீனர் டயோடு வைத்து வோல்டேஜை இறக்கித் தரும் அடாப்டர் இருந்தால் மட்டும் இணைக்கலாம். இன்னொன்றும் உண்டு: கையடக்க ரெக்கார்டரில் ஃபாண்டத்தை இயக்கினால் இரண்டு பென்சில் பேட்டரியின் 3 வோல்ட்டை அது 48 ஆக ஏற்ற வேண்டும், பேட்டரி மளமளவென்று இறங்கும்.

அவரும் நானும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். 1984இல் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு தங்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியதைச் சொன்னேன். ஆச்சரியப்பட்டார். அனுமதியோடு நிமிர்ந்து உட்கார்ந்து பதிவு செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. மைக்கைச் சரியான உயரத்தில் வைக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று கேட்கலாம்.

மார்ச் 22, சனி

நிகழ்ச்சி. கிளம்புமுன் பேட்டரி 9.3 வோல்ட். முதல் பாட்டுக்கு வெகு நேரம் முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டேன், கெபாசிட்டர்கள் நிரம்பி அமைதியாகட்டும் என்று. மற்றதைக் காது பார்த்துக்கொண்டது. பாடகி இரண்டாவது பாதியில் பின்னணியே இல்லாமல் பாடிய நான்கு வரிக்காகவே வந்திருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிரம்ஸ் அடி அடியாகவே கேட்கிறது. தோல் அதிர்ந்து அடங்கும் வால்கூடத் தெரிகிறது. பேஸ் கிதார் தரையில் ஊன்றி நிற்கிறது. லைன்-இன்னில் எடுத்ததால் அந்தத் தனிப்பாட்டு வரிகள் கொஞ்சம் தாழ்ந்து வந்திருக்கின்றன. அளவை ஏற்றினால் பின்னால் மெல்லிய இரைச்சல் இருக்கிறது, ஆனால் பாட்டை மறைக்கும் அளவுக்கு இல்லை.

கடைசிப் பாட்டின் முடிவில் டிரம்மர் முழுப் பலத்தோடு அடித்த ஓரிரு இடங்களில் மட்டும் அலையின் நுனி மழுங்கியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இந்த முறை மழுங்கல் மேல்பக்கம். கீழ்ப்பக்கம் சுத்தம். 9 வோல்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, இப்போது நிற்பது ஃபெட்டின் மின்னோட்ட எல்லை. பேட்டரியை இன்னும் பெரிதாக்கி இதைத் தீர்க்க முடியாது.

இதற்கு வழி மூன்று கம்பி இணைப்பு. ஃபெட்டின் மூன்று முனைகளில் ஒன்றான சோர்ஸ் முனையைத் தரையிலிருந்து பிரித்து, அங்கே ரெசிஸ்டர் வைத்து, சிக்னலை அங்கிருந்தே எடுப்பது. ஒலிப் பொறியாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ காப்ஸ்யூலின் பின்புறத் தடத்தை வெட்டிச் செய்து காட்டிய மாற்றம் இது. வெளியீடு குறையும், ஆனால் பலத்த சத்தத்தில் திரிபு வெகுவாக இறங்கும். அந்தக் காப்ஸ்யூல் இப்போது தயாரிப்பில் இல்லை. என்னிடம் உள்ளதிலும் பின்புறத் தடம் கண்ணுக்குத் தெரிகிறது, வெட்டுவதற்கு 6 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் கத்திமுனை நுழைந்தால் போதும். மின்னூட்டம் பிடித்த படலம் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் பற்றவைப்பது நொடிக்கணக்கில் முடிய வேண்டும். பூதக்கண்ணாடியையும் கூர்முனை இரும்பையும் எடுத்துவைத்திருக்கிறேன்.