தேன் தடவின கண்ணாடி: டைரி

மார்ச் 4

கொஞ்ச நாளா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பழைய போட்டோ தேடிப் பாக்குறதே பொழப்பாப் போச்சு. இப்ப மாட்டினவர் ஜான் டில்வின் லெவெலின். வேல்ஸ்ல ஸ்வான்ஸி பக்கத்துல பென்லெர்கேர்னு ஒரு பெரிய எஸ்டேட், அதுக்குச் சொந்தக்காரர். 1810ல பொறந்து 1882 வரைக்கும் இருந்தார். போட்டோவுல சம்பாதிக்கணும்ங்கிற அவசியமே இல்லாத ஆளு. ஆர்க்கிட் வளத்தார், டெலஸ்கோப்ல வானம் பாத்தார், 1848ல தன்னோட ஏரியில பேட்டரி படகு ஓட விட்டார், நடுவுல கேமராவும். காகித நெகட்டிவ் கண்டுபிடிச்ச ஃபாக்ஸ் டால்பாட் இவர் மனைவி எம்மாவுக்கு கஸின் முறை, அதனால 1839ல விஷயம் வெளிய வந்ததுமே இவர் வீட்டுக்கும் வந்துருச்சு. குடுத்து வெச்ச மனுஷன்.

மார்ச் 6

பென்லெர்கேர் அருவி படத்தையே இன்னிக்கு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். ஏதோ அடர்ந்த காட்டுக்குள்ள எடுத்த மாதிரி இருக்கு, ஆனா படிச்சா அந்த அருவியே இவர் கட்ட வெச்சதாம், ஏரியும் அப்படித்தான், மரமும் பாத்துப் பாத்து நட்டது. மொதல்ல சீனை உண்டாக்கிட்டு அப்புறம் கேமராவை வெச்சிருக்கார் மனுஷன்! எனக்கு இதுல கொஞ்சம் எரிச்சலும் இருக்கு, ஒரு காட்சிக்காகப் பள்ளத்தாக்கையே மாத்துறதுக்கு எத்தனை கூலியாள் மண்ணு சுமந்திருப்பாங்க, படத்துல அவங்க யாரும் இல்ல.

வானம் மட்டும் வெறும் வெள்ளை. அந்தக் காலத்து கெமிக்கலுக்கு நீல வெளிச்சம்தான் நல்லாத் தெரியும், பச்சை சரியாத் தெரியாது. இலைக்குன்னு வெளிச்சம் விழ நேரம் குடுத்தா வானம் வெந்து போயிடும்.

மார்ச் 9

கொலோடியன்னு ஒரு கூழைக் கண்ணாடி மேல பூசி படம் எடுக்கற முறை எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சேன். 1851ல ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டது. ஈதரும் ஆல்கஹாலும் கலந்த அந்தக் கூழை கண்ணாடி நடுவுல ஊத்தி, ஒவ்வொரு மூலைக்கா சாய்ச்சு ஓட விட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியா திரும்ப பாட்டில்லயே வடிக்கணும். அப்புறம் வெளிச்சம் உறைக்கறதுக்காக இருட்டுல சில்வர் நைட்ரேட்ல முக்கி, ஈரத்தோட கேமராவுக்குள்ள போட்டு, படம் எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள டெவலப் பண்ணணும், மொத்தத்துக்கும் கால் மணி நேரம் கிடைச்சா பெருசு. ஸ்டுடியோவுல இருக்கறவருக்கு சரி, மலையோரமா வியூ எடுக்கப் போறவர் கதி? டெண்ட், பாட்டில், தட்டு, தண்ணி எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டுத்தான் போகணும்.

மார்ச் 10

இங்கதான் லெவெலின் எனக்குப் பிடிச்சுப் போறார். 1856ல ஆக்ஸிமெல் முறையை வெளியிடறார். ஆக்ஸிமெல்னா தேனும் வினிகரும், மருந்துக்கடையில இருமலுக்குக் குடுத்த அதே சிரப். அந்தக் கண்ணாடி பிளேட்டைக் கழுவிட்டு மேல இதைப் பூசிட்டா தேன் ஈரத்தை விடாது, அதனால வீட்லயே தயார் பண்ணி பெட்டியில அடுக்கி எடுத்துட்டுப் போய் படம் எடுத்துட்டு வந்து நிதானமா டெவலப் பண்ணலாம், டெண்ட் வேண்டாம். தேன் யோசனை ஜார்ஜ் ஷாட்போல்ட்டுக்கு 1854லயே வந்திருக்கு, அதை மறைக்க வேணாம். ஒரே குறை, ஈர பிளேட்டை விட வெளிச்சம் வாங்க ரொம்ப நேரம் எடுக்கும். அருவிக்கு ஓகே, காத்துல ஆடற மரத்துக்கு கஷ்டம்.

சும்மா இருக்க முடியல. பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடியைக் கழட்டி, பாதிக்கு வெறும் தண்ணி, பாதிக்கு தேன்-வினிகர் தடவி ஜன்னல் ஓரம் வெச்சிருக்கேன்.

மார்ச் 11

தண்ணி பக்கம் எப்பவோ காஞ்சிருச்சு. தேன் பக்கம் விரல் வெச்சா காலையிலயும் பிசுபிசுன்னு ஒட்டுது, மனுஷன் சொன்னது சரிதான். ஆனா ஓரத்துல வரிசையா கட்டெறும்பு. "போட்டோ புடிக்கிறியா, எறும்பு வளக்கிறியா"ன்னு அம்மா கேக்கறாங்க. வேல்ஸ் குளிர்ல இந்தத் தொல்லை குறைவா இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

மார்ச் 15

பேர் அவருக்குத்தான், ஆனா இது வீட்டு ஆளுங்க எல்லாரும் சேந்து பண்ணின வேலை. நெகட்டிவ்ல இருந்து பிரிண்ட் போட்டது எம்மா. அப்ப பிரிண்ட்னா நெகட்டிவுக்கு அடியில காகிதத்தை வெச்சு வெயில்ல காட்டி, கருக்கறதைப் பாத்துப் பாத்து எடுக்கறது. வேல்ஸ்ல வெயிலுக்குக் காத்திருந்தே அந்தம்மாவுக்குப் பாதி நாள் போயிருக்கும். நிலாவைப் படம் எடுத்தப்ப டெலஸ்கோப்பை நிலா கூடவே மெதுவா நகர்த்தினது மக தெரெசா, தானா திருப்பற மெஷின் அதுல கிடையாது. கை கொஞ்சம் ஆடினா போச்சு.

1855 பாரிஸ் கண்காட்சியில அலை, நீராவி மாதிரி ஓடற விஷயங்களை உறைய வெச்ச நாலு படத்துக்கு வெள்ளி மெடல், அது ஜான் பேர்ல.

ஜானோட தங்கச்சி மேரியும் கேமரா வெச்சிருந்தாங்க, சின்ன சைஸ். சின்ன கேமராவுக்கு நேரம் கம்மி, அதனால அவங்க படத்துல ஆளுங்க விறைப்பா நிக்காம சிரிக்கறாங்க, ஒரு பனி பொம்மை கூட இருக்கு. அண்ணன் அருவியை விட எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நாளைக்கு அந்த ஆல்பம்.