லைற் அடிக்கிறவர் என்ன சொல்கிறார்?

இரவில் ஓமந்தையைத் தாண்டினால் ஆனையிறவு வரைக்கும், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் ஹெட்லைற்றுக்கு இரண்டு வேலை. பாதை பார்ப்பது ஒன்று, எதிரே வருகிறவரோடு பேசுவது மற்றது. பாதை பார்ப்பதில் பெரிய குழப்பமில்லை. பேச்சில்தான் ஆளுக்கொரு அர்த்தம்.

பஸ்காரரோ டிப்பர்காரரோ தூரத்தில் வைத்தே லைற் அடித்தால், "நான் வாறன், நீ நில்" என்றுதான் எங்கள் பக்கத்தில் எடுக்க வேண்டும். லண்டனில் இருந்து லீவுக்கு வந்து வான் ஓடுகிற உறவுகள் பிழை விடுகிற இடம் இதுதான். அங்கே லைற் அடித்தால் பெரும்பாலும் "நீங்கள் போங்கோ" என்று வழி விடுகிறார்கள் (அந்த நாட்டு வீதிவிதி நூலும் "நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும் அடி" என்றுதான் சொல்கிறது, அதை ஆர் கேட்கிறார்கள்). மாங்குளம் சந்தியில் அதே நினைப்போடு வலது பக்கம் திருப்பினால் டிப்பருக்கு நேர் முன்னால் போய் நிற்பீர்கள். வழி விட நினைக்கிறவர் வேகத்தைக் குறைப்பார். பிறேக் பிடித்தால் வாகனத்தின் மூக்கு தாழும், வெளிச்சமும் கொஞ்சம் கீழே இறங்கும். லைற்றை நம்பாமல் அதைப் பாருங்கள்.

அடிக்கிற முறைக்கு வருவோம். ஜப்பான் வாகனங்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கத் தண்டு, ஐரோப்பிய வாகனங்களில் இடப்பக்கத் தண்டு. உங்கள் பக்கம் இழுத்தால் ஹை பீம் (தூரத்துக்கு அடிக்கிற வெளிச்சம்) எரியும், விட்டால் அணையும். முன்னுக்குத் தள்ளினால் எரிந்தபடி நிற்கும், டாஷ்போட்டில் நீலப் பொட்டு தெரியும். அநேகமான மோட்டார் சைக்கிள்களில் இடது கைப்பிடியில், ஆள்காட்டி விரலுக்கு எட்டும் பொத்தான். ஹலோஜன் பல்பின் இழை சூடாகி முழு வெளிச்சம் தரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். படக்கென்று தட்டி விட்டால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அரை வினாடி இழுத்துப் பிடித்து விட வேண்டும், இரண்டு தரம், அவ்வளவுதான். நடுப்பகல் வெயிலில் ஹலோஜன் அடிப்பது வீண், ஹோன் அடியுங்கள்.

எவ்வளவு தூரத்தில் அடிப்பது என்பதுதான் முக்கியம். இரண்டு வாகனமும் மணிக்கு 70 கிலோமீற்றரில் வந்தால் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் 140, அதாவது வினாடிக்கு 39 மீற்றர். 300 மீற்றரில் அடித்தாலும் சந்திக்க எட்டு வினாடிகூட இல்லை. 50 மீற்றரில் வைத்து அடித்தால் அது எச்சரிக்கையில்லை, கண்ணைக் கட்டுகிற வேலை. கூசிய கண் தெளிய இரண்டு மூன்று வினாடியாவது வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் கூட. அதற்குள் அந்த மனிதர் 40 முதல் 60 மீற்றர் வரை குருடாக ஓடியிருப்பார், அதுவும் உங்களை நோக்கி.

ஹை பீமைத் தாழ்த்துவதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. புளியங்குளம் மாங்குளம் நேர் றோட்டில் எதிர்வாகனம் முதலில் ஒற்றைப் பொட்டாகத் தெரியும். அது இரண்டாகப் பிரியும்போது தாழ்த்துங்கள். பிரியாமல் ஒற்றையாகவே கிட்ட வருகிறதா? மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நடுக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். லாண்ட்மாஸ்டராக (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இருக்கலாம். ஒரு லைற் எரியாத லொறியாகவும் இருக்கலாம். அவருடைய வலது லைற் செத்திருந்தால், எரிகிற இடது லைற் உங்களிடமிருந்து அந்தப் பக்கமாகத் தெரியும். இரண்டரை மீற்றர் அகல உடம்பு முழுவதும் அந்த வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம், இருட்டில், உங்கள் வலது கண்ணாடியை நோக்கி வருகிறது. ஒற்றை லைற்றைக் கண்டால் இடது ஓரத்துக்கு இறங்கி வேகத்தைக் குறையுங்கள். கிட்ட வந்து மோட்டார் சைக்கிள் என்று தெரிந்தால் நட்டமில்லை.

எதிரே வருகிறவர் தாழ்த்தாமலே வந்தால் ஒரு தரம் அடித்து ஞாபகப்படுத்தலாம். அதற்கும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், ரோசத்தில் உங்கள் ஹை பீமையும் ஏற்றிவிட்டால் றோட்டில் இரண்டு குருடர். எல்லாரும் திமிரில் செய்வதில்லை. எச்4 என்கிற ஹலோஜன் பல்பில் ஹை பீமுக்கும் டிம்முக்கும் (தாழ்த்திய வெளிச்சம்) தனித்தனி இழை, 60 வாற்றும் 55 வாற்றும். இரவில் டிம்தான் கூடுதலாக எரிவதால் அந்த இழை முதலில் அறுந்துபோகும், பிறகு ஆளுக்கு ஹை பீம் மட்டும்தான் மிச்சம். இன்னொரு கூட்டம் எச்4 கோப்பைக்குள் மலிவு எல்ஈடி பல்ப் போட்டவர்கள். ஹலோஜன் பல்பில் டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும், மேலே போகிற வெளிச்சத்தை வெட்டுவது அதுதான். எல்ஈடியில் ஒளி பிறக்கிற இடம் ஒரு மில்லிமீற்றர் தள்ளிப்போனாலும் அந்த வெட்டு கலைந்து, டிம்மில் ஓடினாலும் முகத்தில் அடிக்கும். அப்படியான வெளிச்சம் வந்தால் அதைப் பார்க்காமல், இடது ஓர வெள்ளைக் கோட்டில் கண்ணை வைத்து வேகத்தைக் குறைத்துக் கடந்து போங்கள்.

முந்தும்போது, முன்னால் போகிற வாகனத்துக்குப் பின்னால் டிம்மில்தான் இருக்க வேண்டும். 40, 50 மீற்றர் பின்னால் நின்று, அவருடைய வலது கண்ணாடியில் விழுகிற மாதிரி இரண்டு தரம் அடியுங்கள். பழைய லொறிக்காரர் இடது சிக்னல் போட்டால் "வா", வலது போட்டால் "வராதே". ஆனால் வலது சிக்னல் உண்மையிலேயே கிரவல் றோட்டுக்குள் திரும்பவும் இருக்கலாம், இடது சிக்னல் ஓரம் கட்டவும் இருக்கலாம். எதிர்ப்பாதையை நீங்களே பார்க்காமல் அவர் சிக்னலை மட்டும் நம்பி ஏறக்கூடாது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் முந்துகிற வேலையே வேண்டாம், முன்னால் போகிறவர் எந்த நேரமும் தேங்காய் உடைக்க ஓரம் கட்டுவார்.

வீதியில் மாடு படுத்திருந்தாலோ, லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி நின்றாலோ, கடந்த பிறகு எதிரே வருகிறவருக்குச் சொல்வது நல்ல பழக்கம். காலபோகத்தில் (மாரி நெல் விதைப்புக் காலம்) வயலுக்குள் விடமுடியாத மாடுகள் இரவில் காய்ந்த தார் றோட்டில்தான் படுக்கும். முகம் மற்றப் பக்கம் இருந்தால் கண் மினுங்காது, கறுத்த எருமை என்றால் டிம்மில் தெரிகிறபோது நேரம் கடந்துவிடும். டிம் எட்டுவது 50 மீற்றர் அளவு. 70இல் ஓடினால் நிற்கவே 55, 60 மீற்றர் வேண்டும். அதனால் எச்சரிக்கிற லைற் பெறுமதியானது. அதை நாங்களே கெடுத்து வைத்திருக்கிறோம், பொலிஸ் நிற்கிறது என்று சொல்லவும் அதே அடிதான். லைற்றைக் கண்டதும் "வேகக் கமராவாக்கும், நான் 65இல்தானே" என்று அப்படியே போகிறவர் மாட்டில் போய் முட்டுகிறார். மாடோ விபத்தோ என்றால் அடித்துவிட்டு ஹசாட் லைற்றையும் (இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றாக மினுங்குவது) சில வினாடி போடுங்கள், வித்தியாசம் விளங்கும்.

யானைக்கு மட்டும் அடிக்கவே கூடாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானை ஏறி நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, டிம்மில் வைத்து, ஹோன் அடிக்காமல், இஞ்சினை நிறுத்தாமல் பின்னுக்கு எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். பின்னால் வருகிறவருக்கு ஹசாட் போதும்.

உங்களுக்கே எல்லாரும் லைற் அடிக்கிறார்களா? பிழை உங்கள் வெளிச்சத்தில். வானின் பின்பக்கம் நெல்மூட்டை ஏற்றினால் மூக்கு உயர்ந்து டிம்மும் ஹை பீம் போலாகும். டாஷ்போட்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சில்லு இருந்தால், பாரத்துக்கேற்ப எண்ணைக் கூட்டக் கூட்ட வெளிச்சம் இறங்கும். அது இல்லாவிட்டால் சுவரில் பாருங்கள். காற்றுச் சரியாக அடித்த ரயரோடு, சாரதி இருக்கையில் ஒருவரை இருத்தி, சமதரையில் சுவரிலிருந்து 10 மீற்றரில் நிறுத்துங்கள். நிலத்திலிருந்து லைற்றின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு, அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். லைற்றுக்குப் பின்னால் இருக்கிற திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒரு லைற்றை மறைத்துக்கொண்டு மற்றதைச் சரிபாருங்கள். எங்கள் வாகனங்களில் அந்த விளிம்பு இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், அது பிழையில்லை, வீதி ஓரத்தில் நடந்து வருகிறவரைக் காட்டத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.