ஹெப்டன்ஸ்டாலின் எட்டுப்பட்டை ஆலயம்

ஹெப்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்திருந்தால் சில நிமிடங்களில் மேலே போயிருக்கலாம். ஆனால், ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு நடந்தே போகும் அயலவர்களைப் பார்த்து மட்டக்களப்பில் வளர்ந்தவன் நான். பஸ்ஸில் போவது பிரயாணம், நடந்து போவதுதான் யாத்திரை என்ற எண்ணம் மெதடிஸ்தக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையான எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய கல் பாலத்தைக் கடந்து, ‘பட்ரஸ்’ என்ற கல் பாவிய ஏற்றத்தில் காலை வைத்தேன். துணிப் பொதி சுமந்த குதிரைகள் ஏறிய பாதை அது. குதிரைகள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

மேலே ஹெப்டன்ஸ்டால். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலை விளிம்பில், கரிய கல்லால் கட்டிய ஒரு சிற்றூர். வீடுகளின் மேல்தளத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாகச் சன்னல்கள். கம்பளி நெய்தவர்கள் தறிக்கு வெளிச்சம் தேடி வைத்தவை. மருதமுனைத் தறிகளின் சத்தம் கேட்டுப் பழகிய எனக்கு, இந்த ஊரின் அமைதிதான் வித்தியாசமாகப் பட்டது.

ஊர் நடுவே கூரை இழந்து நிற்கிறது பழைய பங்குக் கோயில். 1847இல் அடித்த புயலில் அதன் கோபுரம் இடிந்தது. அதே வளாகத்தில் வேறொன்று கட்டிக்கொண்டார்கள். மெதடிஸ்த இயக்கத்தின் ஸ்தாபகர் ஜான் வெஸ்லி அந்தப் பழைய கோயிலில் பிரசங்கித்துவிட்டு, தாம் அறிந்தவற்றிலேயே அவலட்சணமானது இதுதான் என்று குறித்து வைத்தாராம். இடிந்த பிறகு அது அழகாகிவிட்டது என்பது என் கட்சி. அதன் முற்றத்தில்தான் டேவிட் ஹார்ட்லியின் கல்லறை இருக்கிறது. தங்கக் காசின் விளிம்பைச் சுரண்டி, அந்தத் துகளை உருக்கிக் கள்ளக் காசு அடித்த பக்கத்துப் பள்ளத்தாக்குக் கூட்டத்தின் தலைவன்; 1770இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டவன். அந்தக் கூட்டம் காசு சுரண்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான், கூப்பிடு தூரத்தில் இன்னொரு கூட்டம், மெதடிஸ்தக் கூட்டம், ஜெப வீடு கட்டியது.

அந்தச் சபைக்கு விதை போட்டவர்களில் ஒருவர் குருவானவர் அல்ல, தலைச்சுமை வியாபாரி. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் டார்னி ஊர் ஊராகச் சாமான் விற்றபடியே பிரசங்கித்தார். அவர் சேர்த்த சிறு கூட்டங்கள் பின்னர் வெஸ்லியோடு இணைந்தன. மலைக்கு அப்பால் ஹாவர்த்திலிருந்த குரு வில்லியம் கிரிம்ஷா அவற்றை அரவணைத்துக் காத்தார். 1763இல் அவர் இறந்துபோனார். மறு ஆண்டு, 1764இல், ஹெப்டன்ஸ்டாலில் சுவர் எழும்பியது. கூரை ஏறுமுன்பே வெஸ்லி அந்தச் சுவர்களுக்குள் நின்று பிரசங்கித்தார்.

ஆலயத்துக்கு எட்டுப் பட்டை வைத்தார்கள். கோயில் தூணில் எட்டுப்பட்டை பார்த்திருக்கிறோம். இங்கே முழுக் கட்டடமே அப்படி. வெஸ்லிக்கு இந்த அமைப்பில் தனிப் பிரியம். எல்லாருக்கும் குரல் எட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. கூரையை ரொதரம் என்ற ஊரில் செய்து, துண்டு துண்டாகப் பிரித்துக் குதிரைகளில் ஏற்றி மலை கடந்து கொண்டுவந்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். பட்ரஸில் ஏறி வந்த எனக்கு அந்தக் கதையை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. இடைவிடாமல் ஆராதனை நடந்துவரும் மெதடிஸ்த ஆலயங்களில் இதுவே மூத்தது என்பது இவர்கள் பெருமை. 1763இல் எழுந்த யார்ம் ஊர் எட்டுப்பட்டை ஆலயத்தாரும் அந்த வழக்கில் வாதாடுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல நான் யார்?

எனக்குப் பிடித்தது, அவர்கள் அந்த எட்டுப் பட்டையைக் கெடுத்த விதம்தான். வெஸ்லி 1791இல் மறைந்தார். சபை பெருகியது, இடம் போதவில்லை. 1802இல் ஒரு பக்கத்தை இடித்து, பக்கச் சுவர்களை நீட்டி, கடைசியில் மறுபடியும் பட்டை வைத்து மூடினார்கள். வெளியே நின்று பார்த்தால் இழுத்து நீட்டிய மாவுருண்டைபோல் இருக்கிறது. ஸ்தாபகர் விரும்பிய வடிவமாயிற்றே என்று தயங்கி, வந்த சனத்தை வாசலில் நிறுத்தவில்லை.

உள்ளே திறப்போடு ஒரு வயதான அம்மையார் இருந்தார். சுற்றிலும் மேல்மாடம், மர பெஞ்சுகள், வெள்ளைச் சுவர். கண்ணை இழுக்கும்படி வேறொன்றும் இல்லை. “குரல் கேட்கிறதா என்று பார்க்கிறீர்களா?” என்று அவரே கேட்டார். நான் மாடத்தின் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அவர் பிரசங்க பீடத்தருகே நின்று தொண்டையைச் செருமி, மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121ஆம் சங்கீதத்தைப் பேச்சுக் குரலிலேயே வாசித்தார். பக்கத்தில் இருந்து என் காதுக்குள் சொன்னதுபோல் இருந்தது. நான் மலைகளைத்தான் கால் வலிக்கப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒத்தாசை எங்கிருந்து வரும் என்ற வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவில்லை.

பிறகு இடம் மாறிக்கொண்டோம். நான் அதே சங்கீதத்தைத் தமிழில் சொன்னேன். சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்தது, தடங்கலில்லாமல் வந்தது. “ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஓர் எழுத்துக்கூடத் தவறாமல் கேட்டது” என்றார் மேலிருந்து.

எங்கள் ஊருக்கு மெதடிஸ்தம் எப்படி வந்தது என்று கேட்டார். 1813 இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மிஷனரிகளில் வில்லியம் ஓல்ட் ஒருவர், மறு ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார், வந்து ஓராண்டு நிறையுமுன் 1815 ஏப்ரலில் அங்கேயே இறந்துபோனார் என்றேன். “ஓராண்டுகூட இல்லையா?” என்று கேட்டவர், மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் வருகையாளர் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

ஊர் என்ற இடத்தில் தமிழிலேயே எழுதினேன். அதை வாசித்துக் காட்டச் சொல்லி, தானும் சொல்லிப் பார்த்தார். ‘மட்ட’ உடனே வந்துவிட்டது. ‘களப்பு’ மூன்றாம் தடவையில்தான் சரியாக விழுந்தது. அதைச் சொல்லிப் பார்க்க அவர் பீடத்தருகே போய் நின்றிருந்தார்.